வன்னிக் குளக்கரையிலிருந்து வனவிலங்குப் படப் போட்டிக்கு: புதிதாகத் தொடங்குபவர்களுக்கு

கொழும்பில் ஒரு பத்து வயதுச் சிறுவன். ஊரடங்கு நாட்களில் பெற்றோரின் அறைப் பல்கனியில் நின்று, எதிரே பட்டுப்போய் நின்ற கமுகு மரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். அதன் பொந்தில் பச்சைக்கிளி குஞ்சு பொரித்திருந்தது. தகப்பன் கிளி இரையோடு வந்ததும் குஞ்சுகள் வெளியே தலை நீட்டின. அவன் எடுத்த அந்தப் படம், லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகம் நடத்தும் 'ஆண்டின் வனவிலங்குப் புகைப்படக் கலைஞர்' போட்டியில், 2021இல், பத்து வயதும் அதற்குக் கீழும் உள்ளோர் பிரிவில் பாராட்டுப் பெற்றது.

புதிதாகக் கமெரா தூக்கும் தம்பி, தங்கச்சிமாருக்கு நான் முதலில் சொல்வது இந்தக் கதையைத்தான். ஏனென்றால் அவர்கள் என்னிடம் முதலில் கேட்பது, "அண்ணை, எந்த லென்ஸ் வாங்கலாம்?" அடுத்தது, "வில்பத்துக்கு எப்ப போகலாம்?" லென்ஸ் பற்றிப் பின்னால் சொல்கிறேன். அதற்கு முன் நான் திருப்பிக் கேட்பது இது: உங்கள் வீட்டுப் படலையைத் திறந்து சைக்கிளில் கால் மணி நேரம் போனால் எந்தக் குளம் வரும்?

முதற்படி: ஒரு குளத்தைப் பிடியுங்கள்

வன்னியில் இந்தக் கேள்விக்குப் பதில் இல்லாத வீடு அரிது. இரணைமடு, வவுனிக்குளம், முத்தையன்கட்டு, மன்னார்ப் பக்கம் கட்டுக்கரை என்று பெயர்பெற்ற பெருங்குளங்கள் இருக்கின்றன. தொடங்குபவருக்கு இவற்றைவிட ஊர்ச் சிறுகுளமே நல்லது. பெரிய குளத்தில் பறவை தொலைவில் நிற்கும். சிறுகுளத்தில் கரையும் தண்ணீரும் மரமும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும். பறவைகளும் ஆட்களைக் கண்டு பழகியிருக்கும்.

முதல் மாதம் படத்தைப் பற்றிக் கவலைப்படாதீர்கள். வாரத்தில் மூன்று நாளாவது விடியற்காலையில் அதே அணைக்கட்டில் அதே இடத்தில் போய் உட்காருங்கள். ஒரு கொப்பியில் எழுதுங்கள்: திகதி, தண்ணீர் எவ்வளவு, எந்தப் பறவை எந்தப் பட்டமரத்தில் இருந்தது, எத்தனை மணிக்கு வந்தது, எந்தப் பக்கமாகப் போனது. காலை ஆறரைக்குச் சூரியன் உங்கள் முதுகுக்குப் பின்னால் வரும் இடம் எது என்று பார்த்து வையுங்கள். அந்த இடம் மாரியில் ஒன்றாகவும் கோடையில் ஒன்றாகவும் இருக்கும்.

வெளிநாட்டிலிருந்து மன்னாருக்கு வரும் பெரிய கலைஞரால் ஒரு கிழமை நிற்க முடியும். உங்களால் வருடத்தில் இருநூறு காலைகள் போக முடியும். இந்தப் போட்டிகளில் அந்த இருநூறு காலைகளுக்குத்தான் மதிப்பு. 2020இல் லண்டன் போட்டியின் முதற்பரிசு பெற்ற ரஷ்யக் கலைஞர் செர்கே கோர்ஷ்கோவ், மரத்தைக் கட்டிப்பிடித்து நிற்கும் அமூர்ப் புலியின் படத்துக்காகப் பதினொரு மாதங்களுக்கு மேல் தானியங்கிக் கமெராவைக் காட்டில் வைத்துக் காத்திருந்தார். 2025இல் வென்ற தென்னாபிரிக்கர் விம் வான் டென் ஹீவர், நமீபியாவில் கைவிடப்பட்ட ஒரு சுரங்க ஊரில் கழுதைப்புலி வரும் படத்துக்குப் பத்து வருடம் முயன்றார்.

வன்னியில் எப்போது என்ன

நெற்போகத்தோடு சேர்த்து நினைத்தால் எளிதாக மனதில் நிற்கும். மாரிப் போகமான காலபோகத்துக்கு வயல் உழும்போது உழவு இயந்திரத்தின் பின்னால் கொக்குகள் வரிசையாக வரும். அதிகாலை வெளிச்சத்தில் புழுதியும் வெள்ளைச் சிறகும் சேர்ந்த காட்சியை ஊரார் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை, தினமும் காண்பதால். நீங்கள் பாருங்கள். மழை இறங்கிக் குளம் வான் பாயும் நாட்களில் மீன் ஏறும், மீன்கொத்தியும் நீர்க்காகமும் கூடும். ஒக்டோபர் தொடங்கி மார்ச் வரை வடக்கே இருந்து வலசை வரும் பறவைகளின் காலம். ஊசிவால் வாத்துகள் ஆயிரக்கணக்கில் இறங்கும்.

அந்தப் பருவத்தில் ஒரு முறையாவது மன்னார் வங்காலைக்குப் போங்கள். 4,839 ஹெக்டேயர் பரப்புள்ள அந்தச் சரணாலயம் 2010இல் உலக முக்கியத்துவமுள்ள ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் சேர்ந்தது. பூநாரைகள் தலையைக் கவிழ்த்து, அலகைத் தலைகீழாக வைத்து, சேற்றுத் தண்ணீரை வடிகட்டித் தின்பதை அங்கே பார்க்கலாம். ஆனால் காலை ஒன்பது மணிக்குப் பிறகு அந்த உப்புவெளியில் கானல் எழும். எவ்வளவு விலையான லென்ஸாக இருந்தாலும் தூரத்துப் பறவை நீருக்குள் தெரிவதுபோல் நெளியும். கமெராவில் கோளாறு என்று நினைத்துப் பலர் கவலைப்படுகிறார்கள். கோளாறு காற்றின் சூட்டில்தான். விடியுமுன் போய் நிற்பதைத் தவிர இதற்கு வேறு வழி இல்லை. சுண்டிக்குளம், கொக்கிளாய், நாயாறு களப்புகளிலும் இதே கதைதான்.

கோடையில் குளங்கள் வற்றி மீன் ஒரு குழிக்குள் ஒதுங்கும்போது கூழைக்கடா, மஞ்சள் மூக்கு நாரை, நத்தைகுத்தி நாரை எல்லாம் ஓரிடத்தில் சேரும். அதே காலத்தில் காட்டில் பாலைப்பழம் பழுக்கும். கரடி மரமேறிப் பாலைப்பழம் தின்னும் காட்சி உலகில் அதிகம் பேர் படமாக்காதது. ஆனால் அதைத் தேடி நடந்து போக வேண்டாம். கரடி கடித்த முகங்களை வன்னியில் கண்டவர்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. மடு வீதி, வில்பத்து போன்ற தேசியப் பூங்காக்களில் வாகனத்துக்குள் இருந்தபடி கிடைத்தால் எடுங்கள்.

தொடங்குபவர்களுக்கு நான் சிபாரிசு செய்வது தாமரைக் குளத்து நீள்வால் இலைக்கோழி. இனப்பெருக்கக் காலத்தில் கரும்பழுப்பு உடலும் பொன்மஞ்சள் பிடரியும் நீண்ட வாலுமாக மாறும். பெட்டை முட்டையிட்டுவிட்டுப் போய்விடும்; அடைகாப்பதும் குஞ்சை வளர்ப்பதும் சேவல்தான். தாமரை இலைமேல் நடக்கும் அதன் விரல்களின் நீளத்தைத் தண்ணீர் மட்டத்திலிருந்து எடுத்துப் பாருங்கள். அப்புறம் நம்முடைய காட்டுக்கோழி. இலங்கையைத் தவிர வேறெங்கும் இல்லாத பறவை, நம் தேசியப் பறவை. காட்டோர வீதிகளில் விடிந்தும் விடியாமலும் இரைதேடி வரும். சிவந்த கொண்டையின் நடுவில் இருக்கும் மஞ்சளைத் தெளிவாகக் காட்டும் படம் ஒன்று எடுக்கவே ஒரு மாரி போகும்.

கமெராவும் லென்ஸும்

ஏற்கெனவே ஒருவர் பாவித்த கமெரா, 300 அல்லது 400 மில்லிமீற்றர் வரை போகும் லென்ஸ், இரண்டு மெமரி கார்ட், ஒரு மேலதிக பற்றரி. பறவைக்கு இது போதும். அதுவும் இல்லையென்றால் போன். தும்பி, சிலந்தி, ஓணான், மழைக்குப் பின் வரும் தவளை எல்லாம் போனுக்கு அடங்கும். அதே 2021இல் பத்து வயதுப் பிரிவில் வென்றது பெங்களூர்ச் சிறுவன் ஒருவன் எடுத்த சிலந்தி வலைப் படம்.

களப்பின் உப்புக்காற்று லென்ஸைத் தின்னும். வீட்டுக்கு வந்ததும் ஈரம் பிழிந்த துணியால் கமெராவின் வெளிப்புறத்தைத் துடையுங்கள். கோடைப் புழுதிக்குள் நின்று லென்ஸ் மாற்றாதீர்கள்.

படம் எடுக்கும்போது

பறக்கும் பறவைக்கு ஷட்டர் வேகம் நொடியில் 2000இல் ஒரு பங்கு. நடக்கும் விலங்குக்கு 500இல் ஒரு பங்கு. கமெராவின் ஒளி உணர்திறனான ஐஎஸ்ஓவைத் தானியங்கியில் விடுங்கள். விடியற்காலையில் படத்தில் கொஞ்சம் பொரிபொரியாகத் தெரிந்தால் பரவாயில்லை, அசைந்து மங்கிய படத்தை யாராலும் காப்பாற்ற முடியாது. கொக்கும் பூநாரையும் வெயிலில் வெளிறிப் போகும். அப்போது வெளிச்ச அளவை முக்கால் படியாவது குறையுங்கள், சிறகின் கோடுகள் திரும்ப வரும். குவியம் எப்போதும் கண்ணில் இருக்க வேண்டும். கண் தெளிவில்லாத படத்தை நடுவர் முதல் சுற்றிலேயே ஒதுக்கிவிடுவார்.

இதைவிடப் பெரிய வித்தியாசம் உங்கள் உயரத்தில் இருக்கிறது. நின்றபடி எடுத்தால் பறவைக்குப் பின்னால் சேறு. வயிறு தரையில் படப் படுத்து எடுத்தால் பின்னால் அக்கரையும் வானமும். பழைய சாக்கு ஒன்றைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு போங்கள். படுத்தவுடன் எடுக்கத் தொடங்க வேண்டாம். ஆட்காட்டிக் குருவி உங்களைக் கண்டு கத்தத் தொடங்கினால் குளம் முழுக்கச் செய்தி போய்விடும். அது அடங்கும்வரை அசையாமல் கிடங்கள். ஆட்காட்டி வெறுந்தரையில் முட்டையிடும். ஓரிடத்தில் விடாமல் உங்கள் தலைக்கு மேலே சுற்றிக் கத்தினால் முட்டையோ குஞ்சோ காலடியில் இருக்கிறது. வந்த தடத்திலேயே திரும்பி விடுங்கள்.

எங்கே கால் வைக்கலாம், எங்கே கூடாது

இந்தப் பகுதியைத் தயவுசெய்து தாண்டிப் போகாதீர்கள். வன்னியில் மிதிவெடி அகற்றப்பட்ட நிலம் நிறைய. இன்னும் அகற்றும் வேலை நடக்கும் இடங்களும் உண்டு. சிவப்புப் பலகையில் மண்டையோடு கண்டால் அதற்கு அப்பால் எந்தப் பறவை நின்றாலும் போகக்கூடாது. பலகை இல்லாத பற்றைக்குள்ளும் புதிதாக வழி வெட்டாதீர்கள். மாடு மேய்ப்பவர், விறகுக்குப் போகிறவர், மீன்பிடிக்கிறவர் நடக்கும் ஒற்றையடிப் பாதையில் மட்டும் நில்லுங்கள். இடத்தைப் பற்றி அவர்களைக் கேளுங்கள். தெரியாத பொருள் எதையாவது கண்டால் தொடாமல் திரும்பி வந்து கிராம அலுவலரிடமோ பொலிஸிடமோ சொல்லுங்கள்.

இராணுவ முகாம், கடற்படை நிலையம் இருக்கும் பக்கம் நீண்ட லென்ஸை நீட்டாதீர்கள். ட்ரோனுக்குச் சிவில் விமானப் போக்குவரத்து அதிகாரசபையின் விதிகள் இருக்கின்றன. அதைவிட, தாழப் பறக்கும் ட்ரோன் ஒரு பூநாரைக் கூட்டத்தையே கிளப்பிவிடும். தேசியப் பூங்காவில் வாகனத்தை விட்டு இறங்கக்கூடாது. தானியங்கிக் கமெரா கட்டுவதற்கு வனசீவராசிகள் திணைக்களத்தின் அனுமதி வேண்டும். யானை நிற்கும் குளத்துக்கு மாலையில் தனியாகப் போகக்கூடாது. காது விரித்து நின்று உங்களையே பார்க்கும் யானையைப் படமெடுக்கும் நேரம் முடிந்துவிட்டது என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

விலங்குக்கு நாம் தரும் தொல்லை

தொடக்கத்தில் ஒருநாள் கட்டுக்கரைப் பக்கம் வற்றிய குழியொன்றில் நாரைகள் இரை தேடுவதைக் கண்டு, பறக்கும் படம் வேண்டும் என்று வேண்டுமென்றே கிட்டப் போனேன். எல்லாம் ஒரேயடியாக எழும்பின. நல்ல படமும் கிடைத்தது. மாடுகளோடு நின்ற ஒரு பெரியவர் என்னைப் பார்த்துச் சொன்னார்: "தம்பி, உமக்கு ஒரு படம். அதுகளுக்கு ஒரு நேரச் சாப்பாடு போச்சுது." அந்தப் படத்தை நான் எந்தப் போட்டிக்கும் அனுப்பவில்லை. இப்போதும் வைத்திருக்கிறேன், புதியவர்களுக்குக் காட்டுவதற்கு.

அவர் சொன்னதே எல்லாப் பெரிய போட்டிகளின் விதிகளிலும் வேறு சொற்களில் இருக்கிறது. உயிருள்ள இரையைக் கட்டி வைத்து விலங்கை வரவழைக்கக்கூடாது. தொல்லை தரக்கூடாது. கூட்டில் இருக்கும் பறவையை எடுக்கும் படங்களைச் சில போட்டிகள் ஏற்பதே இல்லை. கூட்டை மறைக்கும் கிளையை விலக்கினால் அடுத்த நாள் காகம் குஞ்சைக் கொண்டுபோய்விடும். போனில் பறவைக் குரலைப் போட்டுப் பறவையை இழுக்காதீர்கள். எல்லைக்குள் எதிரி வந்துவிட்டான் என்று நினைத்து அது அடையை விட்டுவிட்டு வரும்.

இன்னொன்று, இடத்தைச் சொல்லாதிருப்பது. அழுங்கு, சிறுத்தை, தேவாங்கு, நட்சத்திர ஆமை ஆகியவற்றை எங்கே கண்டீர்கள் என்று பேஸ்புக்கில் எழுதாதீர்கள். போன் படத்துக்குள் இடத்தின் அடையாளம் பதிந்திருக்கும், அதையும் நீக்கிவிட்டுப் போடுங்கள். சுருக்குக் கம்பியும் கட்டுத்துவக்கும் இன்னும் நம் காடுகளில் இருக்கின்றன. அவற்றை வைப்பவர்களும் பேஸ்புக் பார்க்கிறார்கள்.

2018 ஜூனில் கிளிநொச்சி அம்பாள்குளத்தில் ஊருக்குள் வந்து பலரைக் காயப்படுத்திய சிறுத்தையை அடித்துக் கொன்றார்கள். அந்தக் காணொளியும், செத்த உடலோடு எடுத்த செல்பிகளும் உலகம் முழுக்கப் போயின. அப்புறம் கைதுகள் நடந்தன. அன்று காயப்பட்டவர்களின் பயத்தை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் கிளிநொச்சிச் சிறுத்தை என்று தேடுபவருக்கு அந்தப் படங்கள் முன்னால் வருவது எனக்கு இன்றும் வலிக்கிறது. அவற்றின் பக்கத்தில் வைக்க உயிரோடு உள்ள ஒரு சிறுத்தையின் படம் நம் ஊர்ப் பிள்ளை ஒருவரிடமிருந்து வர வேண்டும் என்பது என் ஆசை. இந்த வழிகாட்டியை எழுதத் தொடங்கியதற்கு அதுவும் ஒரு காரணம்.

தேர்வும் திருத்தமும்

ஒரு காலையில் அறுநூறு படம் எடுத்தால் அன்றே தேர்வு செய்யாதீர்கள். ஒரு கிழமை விட்டுப் பாருங்கள். கஷ்டப்பட்டு எடுத்த படம் எல்லாம் அன்றைக்கு நல்லதாகத்தான் தெரியும். அந்தக் கஷ்டத்தை அறியாத ஒருவரிடம் காட்டுங்கள். என் படங்களுக்கு என் அம்மாதான் முதல் நடுவர். "இது என்ன செய்யுது?" என்று அவர் கேட்டால் அந்தப் படத்தில் ஒரு கதை இருக்கிறது. "நல்லா இருக்கு" என்று மட்டும் சொன்னால் ஒதுக்கிவிடுவேன்.

வெளிச்சம், நிறம், ஓரம் வெட்டுதல், சென்சரில் படிந்த தூசிப் புள்ளியை நீக்குதல், இவ்வளவும் செய்யலாம். படத்தில் இருந்த ஒன்றை எடுக்கவோ இல்லாததைச் சேர்க்கவோ கூடாது. குறுக்கே வந்த ஒரு புல்லையும்கூட. செயற்கை நுண்ணறிவு வரைந்தது எதுவும் ஏற்கப்படாது. இறுதிச் சுற்றுக்கு வந்ததும் கமெராவின் மூலக்கோப்பைக் கேட்பார்கள். அதனால் முதல் நாளிலிருந்தே, கமெரா பதிந்ததை அப்படியே வைத்திருக்கும் ரா (RAW) வடிவில் எடுத்து, எதையும் அழிக்காமல் இரண்டு இடத்தில் சேமித்து வையுங்கள்.

இதில் பொய் சொல்லிப் பிடிபட்டவர்கள் உண்டு. 2009இல் லண்டன் போட்டியின் முதற்பரிசு, வேலி தாண்டிப் பாயும் ஓநாயின் படத்துக்குக் கிடைத்தது. அது பழக்கி வளர்த்த ஓநாய் என்று நடுவர்கள் முடிவுசெய்து பரிசைப் பறித்தார்கள். 2017இல் ஒரு பிரிவில் வென்ற எறும்புண்ணிப் படத்தில் இருந்தது பாடம்செய்து வைத்த உடல் என்று தெரிந்து 2018இல் நீக்கினார்கள். எனவே மிருகக்காட்சிச்சாலையில் எடுத்ததைக் காட்டில் எடுத்ததாக அனுப்பாதீர்கள். வீட்டில் கட்டி வளர்க்கும் மானும் அப்படித்தான்.

அனுப்புதல்

லண்டன் போட்டி 1965இல் தொடங்கியது. இப்போது வருடத்துக்கு நூற்றுக்கு மேற்பட்ட நாடுகளிலிருந்து சுமார் 60,000 படங்கள் வருகின்றன; 100 படங்கள் கண்காட்சிக்குப் போகும். 17 வயது வரை கட்டணம் இல்லை. பத்து வரை, 11 முதல் 14, 15 முதல் 17 என மூன்று பிரிவுகள். பாடசாலைப் பிள்ளைகள் இருக்கும் வீடுகளுக்கு நான் இதை வற்புறுத்திச் சொல்வேன். பெரியவர்களுக்குக் கட்டணம் உண்டு, ஒருவர் 25 படம் வரை அனுப்பலாம். வழக்கமாக ஒக்டோபரில் திறந்து டிசம்பர் தொடக்கத்தில் மூடுவார்கள். நமக்கு வலசைப் பருவம் தொடங்கும் நேரம் அது. ஆகவே இந்த மாரியில் எடுப்பதை அடுத்த வருடத்துக்கென்று வைத்துக்கொள்ளுங்கள்.

சிரிப்பூட்டும் படங்களுக்கென்று 2015இல் தொடங்கிய 'கொமடி வைல்ட்லைஃப்' போட்டிக்குப் பெரியவர்களுக்கும் கட்டணம் இல்லை. மந்திகள் விளையாடும் ஊரில் இருப்பவர்கள் இதை விடவேண்டாம்.

எந்தப் போட்டியானாலும் உரிமை பற்றிய பந்தியை முழுதாக வாசியுங்கள். படத்தைப் போட்டி விளம்பரத்துக்கும் கண்காட்சிக்கும் பயன்படுத்துவோம் என்றால் சரி. அனுப்பிய எல்லாப் படங்களும் எங்களுக்கே சொந்தம் என்றால் அனுப்பாதீர்கள். எனக்கு ஒருமுறை அப்படி ஒரு படம் போனது. பிறகு அதை நாட்காட்டியில் பெயரில்லாமல் கண்டேன்.

பிரிவைத் தேர்ந்தெடுப்பதில் கவனம் வேண்டும். அழகான பறவைப் படங்களுக்குப் போட்டி கடுமை. மனிதரும் விலங்கும் சேரும் இடத்தைச் சொல்லும் செய்திப்படப் பிரிவில் நம்மிடம் சொல்ல நிறைய இருக்கிறது. 2025இல் லண்டன் போட்டியில் இலங்கைக் கலைஞர் லக்ஷித கருணாரத்னவின் படம் அந்தப் பிரிவில் பாராட்டுப் பெற்றது. அம்பாறைக் குப்பைமேட்டில் தனியாக நடக்கும் யானை. நம்மிடம் மின்வேலி இருக்கிறது, வயற்காவல் குடில் இருக்கிறது, இரவிரவாகத் தீப்பந்தத்தோடு முழித்திருக்கும் விவசாயி இருக்கிறார். அவரிடம் கேட்டு, அவர் சம்மதத்தோடு எடுங்கள்.

கடைசியாகப் படக்குறிப்பு. விலங்கின் பெயர், இடம், மாதம், அது என்ன செய்துகொண்டிருந்தது, நீங்கள் எப்படி எடுத்தீர்கள் என்று நாலைந்து வரி. அந்தக் கொப்பியை இப்போது எடுங்கள். "எட்டு நாள் தொடர்ந்து இதே பட்டமரத்துக்கு வந்த மீன்கொத்தி, ஒன்பதாம் நாள் சோடியோடு வந்தது" என்று எழுத முடிந்தால் நடுவருக்கு அந்தக் குளமே தெரியும். ஆங்கிலத்தில் எழுதச் சிரமமென்றால் முதலில் தமிழில் எழுதிவிட்டு ஆங்கில ஆசிரியர் ஒருவரிடம் கொடுங்கள்.

முடிவு வர மாதக்கணக்கு ஆகும். அதற்கிடையில் நல்ல படம் ஒன்றைப் பெரிதாக அச்சிட்டு, குளத்தில் வலை வீசும் ஐயாவிடமோ மாடு மேய்ப்பவரிடமோ கொண்டுபோய்க் கொடுங்கள். எந்த மரத்தில் எது கூடு கட்டியிருக்கிறது, யானை எந்தப் பக்கத்தால் இறங்குகிறது என்று உங்களுக்குச் சொன்னவர்கள் அவர்கள்தான். இன்னொரு பிரதியை ஊர்ப் பள்ளிக்கூடச் சுவருக்குக் கொடுங்கள்.